நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரி நாடகங்களில் எதற்குத்தான் சிரித்தார்கள்?

பின்னாளில் நாவலாசிரியரான எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் பெண் வேடத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆர்வத்தில் அந்தக் காலத்துக் கல்லூரி நாடகப் பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்துப் படித்தும் இருக்கிறீர்கள். முக்கால்வாசி தாண்டியும் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. "ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டினா போதுமா? அவ்வளவுதானா இவங்க காமெடி?" என்று கேட்கிறீர்கள். கேள்வி வேடத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது. அரங்கம் அதிர்ந்தது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதுகின்றன. பிரதியிலோ ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தச் சிரிப்பு எங்கே இருந்தது?

நான் அமெரிக்காவில் இரண்டு வருடம் நாடக வரலாறு படித்தவன். இந்த வகை நாடகங்களின் நிகழ்ச்சி நிரல்கள், பாட்டுப் புத்தகங்கள், கைப்பிரதிகள் என்று பெட்டி பெட்டியாகப் புரட்டியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பியபின் பதினைந்து வருடத்துக்கு மேல் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைகளுக்கு ஸ்கிட் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதலிலேயே ஒரு எச்சரிக்கை. 1900க்கும் 1920க்கும் இடையில் நடந்த இந்த நாடகங்களின் மேடைச் சத்தம் நமக்குக் கிடைக்காது. இருப்பவை தாள்கள்தான். விமர்சனங்களும் பெரும்பாலும் மாணவப் பத்திரிகைகளில் நண்பர்கள் எழுதியவை, அல்லது பழைய மாணவர்களை முகம் சுளிக்கவைக்க விரும்பாத உள்ளூர் நிருபர்கள் எழுதியவை. ஆகவே 'அரங்கம் அதிர்ந்தது' என்ற வரியை நாம் கல்யாணப் பத்திரிகையின் 'சுற்றமும் நட்பும் சூழ' மாதிரிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் தாள்களை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது.

யார், எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டின் ஹேஸ்டி புட்டிங் க்ளப் 1795இல் தொடங்கியது. பெயரே சோளமாவுக் கஞ்சியின் பெயர்தான், கூட்டத்துக்கு உறுப்பினர்கள் பானையோடு கஞ்சி கொண்டுவருவார்களாம். அங்கே 1844இல் 'பாம்பாஸ்டஸ் ஃபியூரியோசோ' என்ற பழைய ஆங்கிலக் கேலி நாடகத்தைப் போட்டார்கள். அன்று பிடித்த பழக்கம் விடவில்லை. பென்சில்வேனியாவில் மாஸ்க் அண்ட் விக் க்ளப் 1889இல் வந்தது. பிரின்ஸ்டனில் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான பூத் டார்கிங்டன் சேர்ந்து எழுதிய 'மாண்புமிகு ஜூலியஸ் சீசர்' 1893இல் மேடையேறியது. அந்தக் குழுதான் ட்ரையாங்கிள் க்ளப் ஆனது. கொலம்பியாவின் வர்சிட்டி ஷோ 1894இல் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்றுதான்: கில்பர்ட் - சல்லிவன் என்ற ஆங்கிலேய இரட்டையரின் பாணியில் கேலி இசை நாடகம், தலைப்பில் இரண்டு பெயர்களை இணைக்கும் ஒரு 'அல்லது', எங்கோ தூரத்து ராஜ்ஜியத்தில் நடக்கும் ஒரு கதை, எல்லாப் பாத்திரமும் ஆண்கள். கதையைத் தேடாதீர்கள். கதை என்பது துணி காயப்போடும் கொடி. பார்க்க வேண்டியது அதில் காய்ந்த துணியை.

அந்தத் துணி என்ன என்பதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டே நல்ல சாட்சி. 1920இல் வந்த அவருடைய முதல் நாவலான 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' பிரின்ஸ்டன் வாழ்க்கையைச் சொல்வது. அதில் ட்ரையாங்கிள் க்ளப் போடும் கற்பனை நாடகம் ஒன்று வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்', அதாவது மண்டையோடும் எலும்பும், என்றொரு ரகசியச் சங்கம் உண்டு, வருடத்துக்குப் பதினைந்தே பேரைத்தான் சேர்ப்பார்கள். வெளியாள் யாராவது அந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னால் உறுப்பினர் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பது பிரின்ஸ்டன் பையன்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை. நாவலில் வரும் நாடகத்தில் கொள்ளைக்காரத் தலைவன் தன் கறுப்புக் கொடியிலுள்ள மண்டையோட்டையும் எலும்பையும் காட்டி, தான் யேல் பட்டதாரி என்கிறான். அந்த நொடியில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஆறு பேர் எழுந்து, மனம் நொந்த முகத்தோடு, கௌரவம் புண்பட்டவர்களாக வெளியே நடந்து போகிறார்கள். ஆறு பேரும் தெருவில் பிடித்துக் கூலிக்கு உட்காரவைத்த பரட்டை ஆசாமிகள். ஒருநாள் அந்த ஆறு பேரோடு ஏழாவதாக உண்மையான யேல் உறுப்பினர் ஒருவரும் எழுந்து போனதாகப் பேச்சு என்று நாவல் சொல்கிறது.

நிஜ மேடையில் இது நடந்ததா என்பது சந்தேகத்துக்குரியது. நாவலில் இருக்கிறது, நாவலாசிரியர் அந்த க்ளப்புக்குப் பாட்டு எழுதியவர், அவ்வளவுதான் ஆதாரம். ஆனால் இந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரதியில் இருக்கப்போவது ஒரே ஒரு வரி, கொள்ளைக்காரன் பேசும் வரி. நூறு வருடம் கழித்துப் படிக்கும் உங்களுக்கு அது சப்பென்றுதான் இருக்கும். அந்த ஆறு நாற்காலிகள் பிரதியில் இல்லை. யேல்காரர்களை நினைத்தாலே பிரின்ஸ்டன்காரனுக்கு வயிற்றில் பிசைவதும் பிரதியில் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. நான் படித்த கல்லூரியின் ஹாஸ்டல் டேயில் ஒரு ஸ்கிட் போட்டோம். மூன்றாம் வருட மாணவன் ஒருவன் தோளில் ஈரத் துண்டோடு மேடைக்கு வருவான். கையில் சாவிக்கொத்து. அதைத் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். நடுவில் ஒருமுறை நின்று மூக்கை உறிஞ்சுவான். அவ்வளவுதான். நானூறு பேர் பெஞ்சில் ஏறி நின்று கத்தினார்கள். அது எங்கள் வார்டன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் மட்டும், இதில் என்ன இருக்கிறது என்ற முகத்தோடு, மரியாதைக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கிட்டின் பிரதி என்னிடம் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் 'வார்டன் வருகிறார், போகிறார்' என்று எழுதியிருக்கிறது. இப்போது நீங்கள் அந்தச் சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி பெண் வேடம். இங்கேதான் உங்கள் அனுமானத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அந்த மேடைகளில் பெண் வேடம் இரண்டு வகை. ஒன்று, கட்டுமஸ்தான கால்பந்து வீரனுக்குக் கவுன் மாட்டி, அவன் முழங்கால் மயிரும் கட்டைக் குரலும் தெரியும்படி விடுவது. இது சிரிக்கவைக்க. மற்றது, ஒல்லியான, முகவெட்டுள்ள பையனை ஒரு குறையும் தெரியாத அழகியாக்கி நிறுத்துவது. இது வாய் பிளக்கவைக்க. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முதலாவது பபூன் வேலை, இரண்டாவது ஸ்திரீபார்ட் வேலை. நீங்கள் பார்த்த ஃபிட்ஸ்ஜெரால்ட் படம் இரண்டாவது வகை. அதில் நகைச்சுவை எதுவும் உத்தேசிக்கப்படவில்லை. 1916 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டபோது, நாடகத்தின் மிக அழகான 'ஷோ கேர்ள்' என்ற தோரணையில்தான் போட்டது. அந்த நாடகம் 'தி ஈவில் ஐ'. கதைவசனம் பின்னாளில் பெரிய விமர்சகரான எட்மண்ட் வில்சன், பாடல் வரிகள் ஃபிட்ஸ்ஜெரால்ட். இதில் உண்மையான நகைச்சுவை ஒன்று உண்டு, ஆனால் அது மேடைக்கு வெளியே இருந்தது. மதிப்பெண் போதாததால் கல்லூரி அவரை நடிக்க விடவில்லை. படத்தில் இருக்கும் அந்த அழகி மேடை ஏறவே இல்லை. படத்தைப் பகிர்கிறவர்கள் அதை நாடகக் காட்சி என்றே எழுதிவிடுகிறார்கள், அது தவறு.

'அந்தக் கல்லூரிகளில் பெண்களே கிடையாது, அதனால் வேறு வழியில்லாமல் ஆண்கள் நடித்தார்கள்' என்ற விளக்கத்தையும் பலர் ஒப்பிக்கிறார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். மிச்சிகனுக்குப் பொருந்தாது. அங்கே 1870 முதலே பெண்கள் படித்தார்கள். ஆனாலும் 1908இல் 'மிச்சிகெண்டா' என்ற நாடகத்தோடு தொடங்கிய மிச்சிகன் யூனியன் ஆபராவில் ஆண்கள் மட்டும்தான். விஸ்கான்சினிலும் பெண்கள் இருந்தார்கள், ஹேர்ஸ்ஃபுட் க்ளப்பில் மட்டும் இல்லை. 'எங்கள் பெண்கள் எல்லாரும் ஆண்களே, ஆனாலும் ஒவ்வொருத்தியும் சீமாட்டி' என்பது அந்த க்ளப்பின் விளம்பர வாசகம். பக்கத்து வகுப்பில் பெண்கள் இருக்கும்போதே இப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்றால், ஆண்கள் பெண் வேடம் போடுவதைத்தான் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள் என்று அர்த்தம். சரக்கு நன்றாகவே விலைபோனது. மிச்சிகன்காரர்கள் 1923இல் 'காட்டன் ஸ்டாக்கிங்ஸ்' என்ற நாடகத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா ஹவுஸ் வரைக்கும் கொண்டுபோனார்கள். 1944லிலும் 1948லிலும் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற தாமஸ் டியூயி, மாணவராக இருந்தபோது இதே ஆபராவில் பாடி நடித்தவர்தான்.

அந்த முழங்கால் மயிர் வகையறாவின் உச்சம் 'கிக்லைன்'. பிரின்ஸ்டனில் பல தலைமுறையாகத் தொடர்ந்தது. ஒரு வரிசைப் பையன்கள் பெண் உடையில், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, காலை ஒரே உயரத்துக்கு, ஒரே தாளத்தில் உதைக்கும் ஆட்டம். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். வேண்டுமென்றே தடுமாறி விழுந்தால் சிரிப்பார்கள் என்று நினைப்பார்கள். என் மாணவர்களிடம் நான் முதலில் களைய வேண்டியிருக்கும் பழக்கம் இதுதான். தடுமாறினால் முதல் பத்து விநாடி சிரிப்பு வரும், அப்புறம் சலிப்பு தட்டிவிடும். ஆட்டம் கச்சிதமாக இருக்க வேண்டும், உடம்பு மட்டும் அதற்குப் பொருந்தாமல் இருக்க வேண்டும். தொழில்முறை நடனப் பெண்களின் துல்லியத்தோடு பன்னிரண்டு தடியர்கள் ஆடும்போது வருகிற சிரிப்பு வேறு ரகம். அதில் பாதி ஆச்சரியம், மீதிப் பாதி 'வரிசையில் மூணாவது நம்ம ரூம்மேட் இல்ல?' என்ற கண்டுபிடிப்பு. ட்ரையாங்கிள் குழு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரயிலேறி ஊர் ஊராகப் போகும்போதும் இந்தக் கண்டுபிடிப்புக்குக் குறைவில்லை. போன இடத்தில் எல்லாம் பார்க்க வந்தவர்கள் பழைய மாணவர்கள், அவர்கள் குடும்பத்தார், பையன்களின் அக்கா தங்கைகள்.

பெண்கள் கல்லூரிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட்டுவிட மனம் வரவில்லை. வாஸார், ஸ்மித் போன்ற இடங்களில் பெண்களே ஆண் வேடம் போட்டார்கள். சிக்கல் கால்சட்டையில் வந்தது. பல கல்லூரிகளில் பெண் மேடையில் கால்சட்டை போடக்கூடாது, அல்லது போட்டால் பார்வையாளரில் ஆண் இருக்கக்கூடாது என்று விதி. ஆக மேலே கோட், டை, ஒட்டு மீசை, இடுப்புக்குக் கீழே நீளப் பாவாடை என்று காதல் வசனம் பேசும் கதாநாயகர்கள் உருவானார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருக்கலாம். எனக்கென்னவோ, கால்பந்து வீரன் கவுன் போட்டதைவிட, விதிக்குப் பணிவதுபோலப் பணிந்து விதியையே கோமாளியாக்கிய இந்தப் பாவாடை வீரர்கள்தான் சுவாரசியமாகப் படுகிறார்கள். ஆனால் அவர்கள் அதை நையாண்டியாக நினைத்துச் செய்தார்களா என்று தாள்களை வைத்துச் சொல்ல முடியாது. இது என் ஆசை கலந்த வாசிப்பு.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அன்றைய கல்லூரிப் பொழுதுபோக்கில் பெரும்பங்கு மின்ஸ்ட்ரல் ஷோ. வெள்ளைக்கார மாணவர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர்களின் பேச்சென்று தாங்கள் நினைத்த ஒன்றைப் பேசுவார்கள். அரைவட்டமாக நாற்காலி, நடுவில் கனவான் தோரணையில் கேள்வி கேட்பவர், இரண்டு ஓரத்திலும் கோமாளிகள். அந்த ஓரத்துக் கோமாளிகளின் வாயில்தான் பேராசிரியர்களைப் பற்றிய உள்ளூர்க் கிண்டல்களை வைப்பார்கள். மேடையில் ஐரிஷ், ஜெர்மன், யூத, சீன உச்சரிப்புகளையும் இதேபோல இழுத்துப் பேசி விற்றார்கள். பிரதியில் உங்களுக்கு நெருடிய பகுதிகளில் சில இவையாகத்தான் இருக்கும். 'அந்தக் காலம் அப்படி' என்று இதைத் தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. நான் மேலே சொன்ன வார்டன் ஸ்கிட்டில், கிண்டலுக்கு ஆளானவர் அதே அரங்கில் இருந்தார், மறுநாள் காலை எங்கள் அறைக் கதவைத் தட்டும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. இங்கே கிண்டலுக்கு ஆளானவர்கள் அரங்கிலேயே இல்லை. பிரின்ஸ்டன் கறுப்பின மாணவர்களை இளநிலை வகுப்புகளில் சேர்க்கத் தொடங்கியதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். கதவைச் சாத்திவிட்டு, வெளியே நிற்கிறவனைப்போல நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

ஜூலியன் எல்டிங் என்ற பெயரும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். நியூயார்க்கில் தன் பெயரிலேயே 1912இல் ஒரு தியேட்டர் திறக்கும் அளவுக்கு உயர்ந்த பெண் வேட நடிகர். ஹார்வர்ட் மாணவராக ஹேஸ்டி புட்டிங்கில் தொடங்கியவர் என்று பழைய கட்டுரைகளில் இருக்கும். நம்பாதீர்கள், அவர் ஹார்வர்டில் படித்தவரே இல்லை. ஆனால் அந்தப் புளுகு ஏன் தேவைப்பட்டது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கல்லூரிப் பையன் பெண் வேடம் போட்டால் அது விளையாட்டு, கௌரவத்துக்குக் குறைவில்லை. தொழிலாகப் போட்டால் ஊர் வேறு மாதிரி பேசும். ஹார்வர்ட் முத்திரை அந்தப் பேச்சுக்கு ஒரு கேடயம்.

'எல்லாமே உள்ளூர்ச் சிரிப்பு என்றால் மிஞ்சியது ஒன்றுமே இல்லையா?' என்று கேட்பீர்கள். மிஞ்சியது பாட்டு. எதுகையில் விளையாடும் கலையை ஒரு தலைமுறையே இந்த மேடைகளில்தான் பழகியது. பின்னாளில் பெரிய பாட்டாசிரியரான கோல் போர்ட்டர் 1913இல் யேல் முடிப்பதற்குள் கால்பந்துப் பாட்டுகளும் மாணவர் சங்க இசை நாடகங்களும் எழுதித் தள்ளிவிட்டார். கொலம்பியாவில், பின்னாளில் இன்னொரு பெரிய பாடலாசிரியரான இரண்டாம் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் வர்சிட்டி ஷோவில் நடித்தார், எழுதினார். 1920இல் அங்கே மேடையேறிய 'ஃப்ளை வித் மீ'க்கு இசையமைத்த ரிச்சர்ட் ராஜர்ஸுக்கு வயது பதினேழு, பாடல் வரிகளில் பெரும்பகுதி லோரன்ஸ் ஹார்ட். அதே வருடம் இருவரின் பாட்டுகளும் நியூயார்க்கின் பெரிய தொழில்முறை அரங்கங்களான பிராட்வே போய்விட்டன. உள்ளூர் ஜோக் அடுத்த வருடமே செத்துவிடும், எதுகை சாகாது. ஆகவே பிரதியை வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாட்டுகளை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அந்தப் பாணிப் பேச்சுச் சிரிப்பைக் கண்ணால் பார்க்க ஒரே ஒரு குறுக்கு வழி உண்டு. ஹார்வர்டில் படித்த நகைச்சுவை எழுத்தாளர் ராபர்ட் பெஞ்ச்லி, விஷயம் தெரிந்தவர்போல ஆரம்பித்துச் சொதப்பும் போலிச் சொற்பொழிவுகளுக்கு மாணவப் பருவத்திலேயே பேர்போனவர். அந்த வித்தையை வைத்து 1928இல் 'தி ட்ரெஷரர்ஸ் ரிப்போர்ட்' என்ற சிறு பேசும்படம் எடுத்தார்கள். சங்கத்தின் வரவுசெலவு வாசிக்க எழுந்த மனிதர், கணக்கு உதைக்க உதைக்க முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளாமல் பேசிக்கொண்டே போவார். ஊர்ச் சங்கம் எதிலாவது ஆண்டுக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு அதைப் பார்க்க அடிக்குறிப்பு தேவைப்படாது.

மற்றபடி, பழைய நிகழ்ச்சி நிரல் எதுவாவது கையில் கிடைத்தால் கதைச்சுருக்கத்தை விட்டுவிட்டுப் பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். நடிகர் பெயருக்குப் பக்கத்தில் அவர் எந்த வருட மாணவர் என்று இரண்டு இலக்கம் இருக்கும், சிலவற்றில் ஓரத்தில் பென்சில் குறிப்பும் இருக்கும். நான் பார்த்த ஒன்றில், முதல் காட்சியில் அறிமுகமாகும் கோமகளின் பெயருக்கு நேரே, இவள் எனக்கு இன்னும் இரண்டு டாலர் தர வேண்டும் என்று யாரோ எழுதிவைத்திருந்தார்.